திருப்பிப் படிக்கிறேன், கேளு

இன்று காலை பால்கனிக் கதவைத் திறந்ததும் மருதாணிப் பூ வாசனை முகத்தில் வந்து மோதியது. நேற்றிலிருந்து மழை. நீ ஒடித்துக் கொடுத்த போத்து, அந்தக் குச்சிதான். தொட்டியில் வைத்தால் இதெல்லாம் எங்கே பூக்கப்போகிறது என்று நான் முனகியது உனக்கு நினைவிருக்கும். "வெச்சுட்டு சும்மா இருடி, அது பாத்துக்கும்" என்றாய். பார்த்துக்கொண்டுவிட்டது. கொத்துக் கொத்தாகப் பூத்து, மழையில் நனைந்து, தலையைத் தொங்கவிட்டு நிற்கிறது. கீழே வாசல் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கிறது.

வாசனையோடு வாசனையாக லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பு இன்னும் அதில் வரைவாகவே கிடக்கிறது. நீ போனது ஆடியில். இப்போது ஐப்பசி. இடையில் நம் இணையப் பத்திரிகை 'ஏரித்தெரு'வில் எத்தனையோ பேருக்கு அஞ்சலி போட்டுவிட்டேன். சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்றவருக்குப் போட்டேன், ஏரிக்கரையில் எல்லாருக்கும் பழக்கமான அந்தப் பழுப்பு நாய்க்குக்கூடப் போட்டேன். பாதிப் பத்திரிகையாக இருந்த உனக்கு மட்டும் போடவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். "எழுதிட்டிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஏன் முடியவில்லை என்று உனக்குத்தான் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது, ஏனென்றால் இது உன் சட்டத்தால் வந்த வினை.

முதலில் நாம் இதை ஆரம்பித்த லட்சணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒருவர் "இன்று தண்ணீர் லாரி வராது" என்று போடுவார். அது மேலே போவதற்குள் ரோஜாப்பூ படத்தோடு ஊர்ப்பட்ட குட்மார்னிங் வந்து அதை மூடிவிடும். மத்தியானம் எல்லாரும் காலிக் குடத்தோடு வாசலில் நிற்போம். அப்படி நின்ற ஒரு நாள் நீ சொன்னாய், "இதுக்கு நாமளே ஒரு பத்திரிகை நடத்தலாம்டி. நெட்லதானே, காகிதமா அச்சா?" நான் கிண்டி இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தேன். 'நீதான் ஆசிரியர்' என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிட்லபாக்கத்தில் உட்கார்ந்து தேசத்துக்கே வழிகாட்டப்போகிறேன் என்று நினைத்தேன்.

முதல் இதழில் நகர வளர்ச்சியின் நெருக்கடிகளைப் பற்றி நான் எழுதிய தலையங்கத்தை மூன்று பேர் படித்தோம். நான், நீ, உன் வீட்டுக்காரர். அண்ணா பாதியிலேயே தூங்கிவிட்டார் என்பதை நீ என்னிடம் மறைக்கவுமில்லை. அதே இதழில் கடைசியில், காணாமல்போன பச்சைக்கிளி ஒன்றைப் பற்றி நீ எழுதிய துணுக்கு வந்தது. ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் எல்லாம் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். கிளி கிடைத்தும்விட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நீ முறுக்கை நீட்டிக்கொண்டே சொன்னாய், "உலகத்துல என்ன நடக்குதுன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. இந்தத் தெருவுல என்ன நடக்குதுன்னு சொல்லத்தான் ஆள் இல்லை." அன்றைக்கு அது எனக்கு மட்டம் தட்டுவதாகப் பட்டது. இன்றைக்கு யாராவது புதிதாக எழுத வந்தால், அதே வாக்கியத்தை என்னுடையதுபோல எடுத்துவிடுகிறேன். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

இளவயதில் நீ தொலைபேசி இலாகாவில் தந்தி எடுக்கிற பிரிவில் இருந்தாய். தந்தி ஆபீசுக்கு வரமுடியாதவர்கள் போனிலேயே வாசகத்தைச் சொல்வார்கள். நீ அதை எழுதிக்கொண்டு அவர்களுக்கே மறுபடி படித்துக்காட்டுவாய். அவர்கள் சரி என்றால்தான் தந்தி போகும். "அவன் அழுதுட்டே ஃபாதர் சீரியஸ்னு சொல்லுவான். நான் அதையே அவனுக்குத் திருப்பிப் படிக்கணும். கல்நெஞ்சக்காரின்னு நினைச்சிருப்பான். ஆனா ஊர்ப் பேரு மாறிப்போச்சுன்னா?" என்பாய். தந்திச் சேவையே நின்றுபோய், நீயும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபிறகும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. அதைக் கொண்டுவந்து நம் பத்திரிகைக்குச் சட்டமாக்கினாய். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்குப் போன் போட்டு, எழுதியதை முழுக்கப் படித்துக்காட்டாமல் எதையும் வெளியிடக்கூடாது.

நான் எவ்வளவு சண்டை போட்டேன்! பத்திரிகைத் தர்மம் என்றேன், சுதந்திரம் என்றேன். எந்தப் பத்திரிகைக்காரன் கட்டுரையைப் போனில் படித்துக்காட்டி அனுமதி வாங்குகிறான் என்று கேட்டேன். "அனுமதி யாரு கேட்டா? அவங்க வேண்டாம்னு சொன்னாலும் உண்மையா இருந்தா போடு. ஆனா நாளைக்குக் காலையில காய்கறிக் கடையில அவங்க உன் பக்கத்துல நின்னு கத்திரிக்கா பொறுக்குவாங்க. அப்ப அவங்க மூஞ்சியப் பாக்க முடியணும்." பெரிய பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கத்திரிக்காய்ப் பிரச்சினை கிடையாது. நமக்கு உண்டு. ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்வதும் அவர்களோடுதான்.

அப்படித்தான் மத்தியான வேளைகளில் உன் கூடத்தில் உட்கார்ந்து போன் போட ஆரம்பித்தோம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நீ தொடங்குவாய். "திருப்பிப் படிக்கிறேன், கேளுங்க." அந்த மூன்று வார்த்தையில் உன் குரல் இருபது வயசுக்குப் போய்விடும். முடிந்ததும், "ஏதாவது மாத்தணுமா?"

அதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. தன்னைப் பற்றிய வாசகத்தை இன்னொருவர் குரலில் கேட்கும்போது மனிதர்கள் என்னமோ ஆகிவிடுகிறார்கள். சண்டைக்கு நின்றவர் தணிந்து, "அதை நான் கொஞ்சம் ஓவராத்தான் சொல்லிட்டேன், எடுத்துடுங்க" என்பார். ஸ்டேஷன் பக்கம் தையல்கடை வைத்திருந்த ஒருவர் இறந்தபோது அவர் மகளுக்குப் படித்தோமே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உழைப்பாளி, பண்பாளர் என்று நான் அடுக்கியிருந்ததை எல்லாம் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். ஏதாவது மாற்றணுமா என்று கேட்டாய். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அடுத்த போனுக்கு அவசரப்பட்டேன். நீ கையை நீட்டி என்னை அடக்கினாய். அப்புறம் அவள் சொன்னாள், "அப்பாவுக்குப் பட்டன் தைக்கும்போது விசிலடிக்கிற பழக்கம் ஆன்ட்டி. அம்மா திட்டுவாங்க. அத போடுவீங்களா?" என் பண்பாளரைத் தூக்கிக் கடாசிவிட்டு விசிலைப் போட்டோம். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு எத்தனை பேர் அந்த விசிலைத் தாங்களும் கேட்டதாக எழுதினார்கள்!

இன்னொன்று, 'சிலர்'. என் கட்டுரைகளில் சிலர் கூறுகின்றனர், சிலர் கருதுகின்றனர் என்று வரும். "யாருடி அந்த சிலர்? பேரைச் சொல்லு, இல்லேன்னா வரியை எடு" என்பாய். பெரும்பாலும் அந்தச் சிலர் நானாகவேதான் இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முந்தைய அந்த ஐப்பசிக்கு வருகிறேன். அன்றும் இதே மாதிரி விடாத மழை. நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அரிசி டின்னைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. நம் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற கல்யாண மண்டபத்தின் புது மதில், அதை முட்டிக்கொண்டு குளம்போலத் தண்ணீர். அவ்வளவுதான், மண்டபத்துக்காரர்தான் மழைநீர்க் கால்வாயை மறித்து மதில் கட்டிவிட்டார் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவர் பூர்வீக ஊர்க்காரர். இன்று குடியிருப்புகள் நிற்கிற இடமெல்லாம் அவர்கள் வீட்டு வயலாக இருந்தது. அவரோடு நாம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை, ஆனால் பெரிய ஆள், எதையும் செய்வார் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது.

நான் அனல் பறக்க எழுதினேன். என் வாழ்நாளிலேயே அப்படி எழுதியதில்லை என்று எனக்கே பெருமை. உன் வீட்டுக்கு வந்து படித்தேன். நீ கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. அவருக்குப் படிக்கணுமே" என்றாய். ஜனங்கள் தண்ணீரில் நிற்கும்போது இது என்ன வேண்டாத சம்பிரதாயம் என்று நான் கத்தினேன். அதற்குள் நீ நம்பரை அழுத்திவிட்டாய்.

"திருப்பிப் படிக்கிறேன், கேளுங்க."

ஆக்கிரமிப்பு, அதிகாரத் திமிர் என்று நான் எழுதியதை எல்லாம் நீ ஒரே சீராகப் படித்தாய். எனக்குத்தான் காது சுட்டது. முடித்ததும் ஏதாவது மாற்றணுமா என்று கேட்டாய்.

"முட்சிட்டீங்களா மேடம்? ஜோரா எழுதிகீறீங்க," என்றார் அவர். "எம் மூஞ்சிக்கு நேரா இத்தினி நாள்ல எவனும் இப்டி படிச்சதில்ல, பின்னாடிதான் பேசிகினு கீறாங்கோ. ஒரு நட வந்து பாத்துட்டு அப்பால போடுங்க. மதிலுக்கு அடியில தண்ணி போவ பெர்ய கொழா வுட்டுகீறேன். அத்த பாக்காம எழுதினா இன்னா நாயம்?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே குடைக்குள் இரண்டு பேரும் போனோம். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலடியில் நின்றிருந்தார். ரோட்டில் முழங்கால் தண்ணீர், அது மதிலை முட்டிக்கொண்டுதான் நின்றது. ஆனால் ஓரமாக இருக்கிற கால்வாயின் சிலாப்பை அவர் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார். மதிலுக்கு அடியில் குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதில் ஒப்புக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது.

"கொழா காலியா கீது பாருங்க. கால்வாயில தண்ணி வந்தாதான மேடம் போவும்? மேல எங்கியோ நின்னுகினு, ரோட்டு மேல ஏறி வருது. எங்கன்னு எனக்கும் தெர்ல. ஒரே பேஜாரா கீது. நான் வந்து உங்க பக்கத்துல தோண்டிப் பாத்தா ஊர்க்காரன் சண்டைக்கு வந்துட்டான்னு சொல்லுவீங்கோ."

நீ திரும்பி நடக்க ஆரம்பித்தாய். கால்வாய்ச் சிலாப் ஒவ்வொன்றையும் காலால் தடவிக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தாய். நான் குடையோடு பின்னால் ஓடிவந்தேன். பக்கத்துவீட்டு வாசல்வரை சிலாப் இருந்தது, நம் குடியிருப்பின் மூலைவரை இருந்தது. அதற்கப்புறம் இல்லை. அங்கே உன் மருதாணி வேலி இருந்தது. நீ குடியிருப்புச் சங்கச் செயலாளராக வந்த புதிதில், கொசுவும் நாற்றமும் தாங்கவில்லை என்று எல்லாரும் முறையிட்டதால், வாசல் ஓரத்துப் பள்ளத்தை மண் போட்டு மூடி, வரிசையாக மருதாணி வைத்தாயே, அது. குடியிருப்பே உன்னைக் கொண்டாடிய தோட்டம். 'பசுமை வாசல்' என்று தலைப்புக் கொடுத்து அதன் படத்தை நம் பத்திரிகையில் நானே போட்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், பின்தெருவிலிருந்து வருகிற கால்வாய் ததும்பி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஈர மண். நீ அங்கேயே நின்றாய். உன் கண்ணாடி முழுக்க மழை. "நான் போட்ட மண்ணுடி இது" என்றாய். மண்டபத்து அண்ணன் கடப்பாரையோடு பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். "வுடுங்க மேடம். ரெண்டு ஆள அனுப்பறேன், தோண்டிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

தோண்டிக்கொண்டிருக்கும்போதே நீ ஈரப் புடவையோடு என்னை உட்காரவைத்துக் கட்டுரையைச் சொன்னாய். நான் தட்டினேன். 'ஒரு குடியிருப்பின் வாசலில்' என்று ஆரம்பித்தேன். "எந்த ஒரு? நம்ம பேரைப் போடு. செயலாளர்னு என் பேரைப் போடு." உன் பெயரைப் போட்டேன். அதோடு 'அறியாமல் நேர்ந்த பிழை' என்று, யாரும் கேட்காமலேயே, ஒரு மெத்தையும் போட்டுவைத்தேன். அப்புறம் சட்டப்படி, யாரைப் பற்றி எழுதினேனோ அவளுக்கே திருப்பிப் படித்தேன். எனக்குப் பாதியில் குரல் உடைந்தது. நீதான் உடையாமல் கேட்டாய்.

"ஏதாவது மாத்தணுமா?"

"அறியாமல்னு போடாதே. கொசுவுக்காக மூடினேன். தண்ணி எங்க போகும்னு யாரையும் கேக்கலை. கேக்கலைன்னு போடு."

போட்டேன். அந்தப் படத்தைப் பாராட்டி வெளியிட்டது நாம்தான் என்பதையும் நீ விடாமல் சேர்க்கச் சொன்னாய். தப்பான படம் எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாக வந்ததோ, அதே இடத்தில் அதே அளவில் இதுவும் வரவேண்டும் என்றாய். பொழுது சாய்வதற்குள் பின்தெருவில் தண்ணீர் இறங்கிவிட்டது.

நம் குடியிருப்பில்தான் சூடு ஏறியது. பார்க்கிங்கில் சங்கக் கூட்டம் கூடியது. ஆன்லைனில் போட்டு நம் மானத்தை வாங்கணுமா என்று தலைவர் கேட்டார். "மானம் நம்முதுதான் சார். தண்ணி நின்னது அவங்க வீட்டுல" என்றாய். செயலாளர் பதவியிலிருந்து உன்னை எடுத்தார்கள். அது உனக்குப் பெரிதில்லை. ஆனால் லிஃப்டில் நீ ஏறினால் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த நவராத்திரிக்கு அழைக்க உன் கதவைத் தட்டாமல் தாண்டிப் போனார்கள். நீ அதைச் சிரித்துக்கொண்டே கடந்தாய் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஏரியைச் சுற்றி நடக்கும்போது நின்றுவிட்டாய். "மூஞ்சியத் திருப்பிக்கறாங்கடி. தாங்கலை" என்று அழுதாய். பயந்துபோய், அப்படியானால் போட்டிருக்கவேண்டாமோ என்று கேட்டேன். "போட்டதுல வருத்தமில்லை. தாங்கலைன்னு சொல்றேன், அவ்வளவுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாய்.

சரியான காரியத்தைச் செய்துவிட்டு வலிக்கிறது என்றும் சொல்லலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வலித்தால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கிற ரகம் நான். இதைத் தெரிந்துகொள்ள ஐம்பது வயது தாண்டி உன்னைச் சந்திக்கவேண்டியிருந்தது. அந்த ஒன்றுக்கே உனக்கு நான் எவ்வளவோ நன்றி சொல்லவேண்டும், இருக்கும்போது சொல்லவில்லை.

பிடுங்கிய மருதாணியை நீ எறியவில்லை. ஒடித்து ஒடித்துப் போத்தாக்கி, கேட்டவர் கேட்காதவர் எல்லார் கையிலும் திணித்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் வீட்டு வாசலிலும் ஒவ்வொன்றை வைத்துவிட்டு வந்தாய். இன்று நம் குடியிருப்பில் பால்கனிக்கு ஒன்று இருக்கிறது. அதற்கடுத்த மழைக்கு நாம் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோவில் பின்தெருப் பெண் ஒருத்தி உன்னைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி வூட்டுக்குள்ள தண்ணி வர்லக்கா" என்றாள். உனக்கு அது போதுமாயிருந்தது. வீடுவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

ஆடியில் நீ போனபோது, உன்னை எடுத்துக்கொண்டு போகிறவரை மண்டபத்து அண்ணன் வாசல் கேட்டுக்கு வெளியே, அந்தக் கால்வாய்ச் சிலாப்மேல் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சங்கத் தலைவர் வந்தார். கெட்ட மனிதரில்லை, உனக்கே தெரியும். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "மேடம், அவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடுங்க. அந்தக் கால்வாய் மேட்டரெல்லாம் இப்ப எதுக்கு? போனவங்க பேர்ல அது ஒட்டிக்க வேண்டாமே" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உனக்கு வலித்ததைப் பார்த்தவள் நான். மறுபடி அதைக் கிளறி, உன் பெயரோடு சேர்த்து, ஊரே படிக்கும்படி நான் ஏன் போடவேண்டும்? அதனால் அன்பானவர், பழக இனியவர், அனைவருக்கும் உதவியவர் என்று எழுதினேன். உன்னிடம் காட்டியிருந்தால் யாருடி அந்த அனைவர் என்று கேட்டிருப்பாய்.

எழுதியதை அண்ணாவுக்குப் போய்ப் படித்துக்காட்டினேன். உன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்தமுறை தூங்கவில்லை. ஏதாவது மாற்றணுமா அண்ணா என்றேன்.

"நல்லா இருக்கும்மா," என்றார். "ஆனா இது யாரைப் பத்தி?"

எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அதை எத்தனை முறை திறந்தேன், எத்தனை முறை மூடினேன் என்று தெரியாது. கால்வாயைச் சேர்த்தால் உனக்கு வலிக்கும் என்று பயம். சேர்க்காவிட்டால் நீயே அதில் இல்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் நீ போனை எடுக்கப்போவதில்லை. இப்படியே ஆவணி, புரட்டாசி போய்விட்டது.

போன வாரம் மண்டபத்து அண்ணன் கூப்பிட்டார். "இன்னா மேடம், அம்மாவப் பத்தி ஒன்னியும் காணோம்? டெய்லி தொறந்து பாக்கறேன்." எழுத வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தலைவர் சொன்னதையும் சொன்னேன். "என்னிய திட்டி எழுதினத எனக்கே படிச்சாங்கோ. அப்பால அவுங்கள பத்தியும் அவுங்களே எழுதினாங்கோ. அத்த வுட்டுட்டு வேற இன்னா எழுதப் போறீங்க?"

வேறு என்ன எழுதப்போகிறேன்? மனசு லேசானது. நேற்று உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், அண்ணாவுக்கும் படித்துவிட்டேன். அவர் பாதிவரை என்னைப் பார்த்தார், பாதிக்குமேல் உன் நாற்காலியைப் பார்த்தார். "இது அவதான். போட்டுடும்மா" என்றார்.

உன் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறிவிட்டது என்று சொன்னால் சிரிப்பாய். டாக்டர் மருந்து சொன்னால் அவருக்கே திருப்பிப் படிக்கிறேன். மருமகள் கோபத்தில் ஏதாவது சொன்னால், நீ சொன்னது இதுதானே என்று அவளுக்கே திருப்பிச் சொல்கிறேன். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி என் வாயால் வருகிறது, அது திருந்தாது. ஒரு முடிவு எடுக்கும் முன்னால் யாரையாவது கேட்டேனா என்று இப்போதெல்லாம் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். தலையங்கம் எழுதுவதை நிறுத்தியே விட்டேன். கிளி, பூனை, தண்ணீர் லாரி எல்லாம் தவறாமல் வருகிறது.

இன்னும் ஒருவருக்குத்தான் படிக்கவேண்டியிருக்கிறது. சட்டம் சட்டம்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்துவிட்டேன். மருதாணிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து பால்கனிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், நான் தனியாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

திருப்பிப் படிக்கிறேன், கேளு.

'இந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர் ஆடி மாதம் காலமானார். இளமையில் தந்தி எடுத்தவர். முறுக்கு நன்றாகச் சுற்றுவார். எங்கள் குடியிருப்பின் செயலாளராக இருந்தபோது வாசலில் ஓடிய மழைநீர்க் கால்வாயை மண் போட்டு மூடி, அதன்மேல் மருதாணி வைத்தார். தண்ணீர் எங்கே போகும் என்று யாரையும் கேட்கவில்லை. மழை வந்தபோது தண்ணீரில் இறங்கி நடந்துபோய்ப் பார்த்தார். பார்த்ததைத் தன் பெயரோடு இங்கே எழுதச் சொன்னார். அதனால் அவருக்கு நிறைய வலித்தது, அதற்காக வருந்தவில்லை. அந்த மருதாணி இன்று எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது.'

அவ்வளவுதான். உன் பெயரை மேலே போட்டிருக்கிறேன். ஏதாவது மாத்தணுமா?

தையல்காரர் மகளுக்காக நீ காத்திருந்ததுபோல நானும் அவசரப்படாமல் காத்திருக்கிறேன். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. கீழே தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

சரி, போட்டுவிடுகிறேன்.